அத்தியாயம் 5: பெயருக்கு முன் கோட்டைப் பாருங்கள்

செதுக்கு வேலை உள்ள பழைய ஜப்பானியக் கெண்டி ஒன்று கையில் கிடைத்ததும் பெரும்பாலோர் முதல் வேலையாக அதைக் கவிழ்த்து முத்திரையைத் தேடுவார்கள். தெரிந்த பெயர் இருந்தால் விலை கேட்பார்கள். இல்லாவிட்டால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. முத்திரை என்பது ஒரு சின்னஞ்சிறு அச்சுக்கட்டை. அதை யாரும் வெட்டிக்கொள்ளலாம். அப்பா விட்டுப்போனதை மகனும் பேரனும் குத்தலாம். களிமண்ணில் ஒரே மூச்சில் இழுத்த கோடு அப்படிக் கைமாறாது. செதுக்கியவரின் மணிக்கட்டு, வேகம், தயக்கம் எல்லாம் அதில் அப்படியே சுட்டு இறுகிப் போயிருக்கும். அந்தக் கோட்டை வாசிக்கப் பழகியவருக்குப் பெயர் தெரியாத கைவினைஞரின் அருமையான கெண்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெயருக்காக அதிகம் கொடுத்து ஏமாறுவதும் குறையும்.

எந்த ஊர், எந்த மண்

ஜப்பானில் இலையைக் கெண்டியிலிட்டு வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் வழக்கம் மாவுத் தேநீருக்குப் பின்னால் வந்தது. 1654இல் சீனாவிலிருந்து வந்த இங்கென் என்ற துறவியின் ஒபாக்கு மடங்கள் வழியாக அது அறிஞர்களிடமும் ஓவியர்களிடமும் பரவியது. 1738இல் நாகதானி சோயென் இலையை ஆவியில் வாட்டி உருட்டி உலர்த்தும் முறையை உருவாக்கினார். இன்றைய செஞ்சா என்னும் இலைத் தேநீருக்கு அதுதான் அடிப்படை. சீன இலக்கியத்தில் ஊறியிருந்த இந்த ரசிகர்கள் யிஷிங் நகரத்துச் செம்மண் கெண்டிகளை உயிராக மதித்தார்கள். அவை அரிது, விலையும் அதிகம். அதே போன்ற கெண்டியை உள்ளூர் மண்ணில் செய்யும் முயற்சியிலிருந்துதான் நாம் சேகரிக்கும் பொருள் பிறந்தது.

இதில் முதலிடம் டோகோனாமேவுக்கு. ஐச்சி மாநிலத்தின் சிட்டா தீபகற்பத்தில் இருக்கும் இந்த ஊர், ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களில் ஒன்று. பல நூற்றாண்டுகள் பெரிய தாழிகளைச் சுட்ட ஊர். பிறகு கழிவுநீர்க் குழாய்களைச் சுட்டது. அந்தத் தாழிகளையும் குழாய்களையும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் இன்றும் அதன் சந்துகளில் நிற்கின்றன. கெண்டி அங்கே தாமதமாகத்தான் வந்தது. ஷுதேய் என்னும் செம்மண் கெண்டியை 1854 வாக்கில் சுகிஎ ஜுமோன் செய்து காட்டியதாக அங்கே சொல்வார்கள். 1878இல் கொயே குடும்பத்தார் ஜின் ஷிஹெங் என்ற சீனரை அழைத்துவந்து யிஷிங் முறையை ஊர்க் குயவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். மண் பலகையைத் தட்டி உருவம் எழுப்புவதோடு, பாதி காய்ந்த சுவரில் கவிதையும் மூங்கிலும் செதுக்கும் பழக்கமும் அவரையொட்டி வேரூன்றியது. செதுக்கு வேலைக்காகச் சேகரிப்பவர் டோகோனாமேயிலிருந்து தொடங்குவதே நல்லது. பொருள் நிறையக் கிடைக்கும், தரத்தில் ஏற்ற இறக்கமும் நிறைய இருக்கும். கண் பழகுவதற்கு இரண்டுமே வேண்டும்.

இசே வளைகுடாவின் எதிர்க்கரையில் யொக்கைச்சி. அங்கே பான்கோ. 18ஆம் நூற்றாண்டில் நுனாமி ரோசான் தொடங்கிய பெயர் அது. அவர் மறைந்த பின் நின்றுபோன வேலையை 1830களில் மோரி யூசெட்சு மீட்டார். இரும்புச்சத்து மிகுந்த மண்ணைக் காற்று குறைத்துச் சுடுவதால் பான்கோ கெண்டிகள் ஊதா கலந்த பழுப்பில் வரும். யூசெட்சுவின் பெருமை மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய அச்சு. அந்த அச்சின் மேல் மெல்லிய மண்ணை அழுத்தி உருவம் எடுத்தபின், துண்டுகளைக் கழற்றி வாய் வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள். அச்சிலேயே வெட்டியிருந்த டிராகன் கெண்டியின் உட்சுவரில் புடைத்து நிற்கும். மூடியைத் திறந்தால்தான் தெரியும் இந்த அழகை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் அது அச்சு வேலை, கைச்செதுக்கு அல்ல. விற்பவர் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் திருத்திக் கேளுங்கள்.

சாதோ தீவின் மும்யோய் மண், அய்காவா தங்கச் சுரங்கத்தோடு சேர்ந்து கிடைத்த இரும்புச் சிவப்பு. மற்ற மண்களைவிட அதிகம் சுருங்கும். சுட்டபின் சுண்டினால் உலோகம் போல் ஒலிக்கும். இங்கே செதுக்கு வேலை குறைவு, கிடைப்பது நன்றாக இருக்கும்.

கியோத்தோவைப் பற்றிப் பேசும்போது ஓதாகாகி ரெங்கெட்சுவிடம் வராமல் இருக்க முடியாது. 1791இல் பிறந்து, கணவரையும் குழந்தைகளையும் இழந்து, முப்பதுகளின் தொடக்கத்தில் துறவு பூண்டவர். பிழைப்புக்காக மண் பிசைந்தார். சக்கரத்தில் ஏற்றாமல் கையாலேயே பிடித்த அவருடைய கெண்டிகளில் விரல் அழுத்திய குழிவுகள் அப்படியே தெரியும். அவற்றின் மேல் தன் கவிதைகளையே கீறினார். 1875இல் அவர் மறையும் முன்பே கியோத்தோவில் போலிகள் விற்றன. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குரோதா கோர்யோ என்ற உதவியாளர் வனைந்த பாத்திரங்களில் ரெங்கெட்சு கவிதை கீறியிருக்கிறார். இரண்டாம் ரெங்கெட்சு என்ற பெயரையும் அவருக்கே கொடுத்தார். ஆகவே சந்தையில் மூன்று வகை புழங்குகிறது: ரெங்கெட்சுவே பிடித்து அவரே கீறியது, பிறர் வனைந்து அவர் கீறியது, இரண்டுமே பிறருடையது. அனுபவமுள்ள வணிகரின் எழுத்துமூல உத்தரவாதம் இல்லாமல் ரெங்கெட்சு பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவருடைய தூரிகை எழுத்துகளின் நல்ல அச்சுப் பிரதிகளை நீண்ட நாள் பார்த்துப் பழகுங்கள். மண்ணில் அவர் இழுத்த கோடும் தாளில் இழுத்த கோடும் ஒரே கையின் ஓட்டம். போலியில் எழுத்து வடிவம் சரியாக இருக்கும், ஓட்டம்தான் தடுக்கும்.

கோட்டை எப்படி வாசிப்பது

ஒரு சின்ன டார்ச் விளக்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் போதும். விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், கெண்டியின் சுவரை உரசுவது போல் பிடியுங்கள். கோடுகளின் ஆழம் நிழலாக எழும்பும்.

முதலில் ஒரு கோட்டின் இரண்டு முனைகளைப் பாருங்கள். கையால் இழுத்த கோடு ஓரிடத்தில் நுழையும், ஓரிடத்தில் வெளியேறும். கருவி மண்ணுக்குள் இறங்கிய இடம் சற்று ஆழமாகவும் அகலமாகவும் இருக்கும்; விட்டு எழுந்த இடம் மெலிந்து வாலாக முடியும். ஓலையில் எழுத்தாணி ஓடிய கோட்டை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: அழுத்தம் மாறாத கோடு மனிதக் கையிலிருந்து வராது. அச்சில் எடுத்த கோடோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆழத்தில், விளிம்புகள் மழுங்கி, சோப்புக்கட்டி மேல் பதிந்த எழுத்து மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

அடுத்து விளிம்பு. மண் எந்தப் பதத்தில் இருந்தபோது செதுக்கினார்கள் என்பதை அது சொல்லிவிடும். ஈரம் மிச்சமிருந்தபோது கீறியிருந்தால் கோட்டின் இரு கரையிலும் மண் சற்றே ஒதுங்கி மெல்லிய வரப்பு கட்டியிருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். முக்கால்வாசி காய்ந்த பிறகு வெட்டியிருந்தால் வரப்பு இருக்காது. அதற்குப் பதிலாக விளிம்பில் பொடிப் பொடியாக மண் உதிர்ந்த பல் தெரியும். டோகோனாமேயின் நல்ல செதுக்குநர்கள் இந்த உதிர்வையே அழகாக்கினார்கள். பாறையும் மரப்பட்டையும் வரும் இடத்தில் காய்ந்த மண்ணின் சொரசொரப்பை விட்டுவைத்து, நீரும் மேகமும் வரும் இடத்தில் கோட்டைச் சுத்தமாக ஓட்டியிருப்பார்கள். ஒரே கெண்டியில் இரண்டையும் காணும்போது அதைச் செய்தவர் மண்ணின் நேரத்தை அறிந்து வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, கோட்டுக்குள் இருக்கும் நிறம். சுடுவதற்கு முன் வெட்டிய கோட்டின் அடியும் சுவரின் மேற்பரப்பும் ஒரே நெருப்பைக் கண்டவை. பல ஆண்டு தேநீரும் கைப்பட்ட மெருகும் இரண்டிலும் ஏறியிருக்கும், கோட்டுக்குள் கொஞ்சம் கூடுதலாகவே. சுட்ட சாதாக் கெண்டியை வாங்கிப் பிற்பாடு இயந்திரத்தாலோ மணல் வீச்சாலோ பொறித்திருந்தால் கோட்டின் அடி வெளிறி, மங்கலாக, தூசி படிந்தது போல் இருக்கும். விளிம்பில் கூர்மையான சில்லுகள் தெறித்திருக்கும். இதை மறைக்க எண்ணெயோ மெழுகோ செருப்புப் பாலிஷோ தடவுவதுண்டு. வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை முகர்ந்து பாருங்கள். தேநீர்க்கறை பழுப்பாக, வாசனையில்லாமல் வரும். பாலிஷ் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, செதுக்கு வேலை கெண்டியின் உடம்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உருண்டைச் சுவரில் செங்குத்தாக ஓடும் எழுத்து வரிசை வயிற்றின் வளைவில் சற்று விரிந்து கீழே குறுக வேண்டும். அனுபவமுள்ள கை இதைத் தானாகவே சரிசெய்யும். மூக்கு முளைக்கும் இடத்தில் ஒரு கிளையை நிறுத்துவதா, அதைச் சுற்றி வளைத்து எடுத்துப்போவதா என்பதில் செதுக்கியவரின் மனம் தெரியும். தாளில் வரைந்த படத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டியது போல் இருந்தால், கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நான் அதை இரண்டாம் தரமாகத்தான் வைப்பேன்.

கெண்டியை வனைந்தவரும் செதுக்கியவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. டோகோனாமேயில் இருவரும் வேறாக இருப்பது சாதாரணம். அப்போது குயவரின் முத்திரை பிடிக்கு அருகிலோ அடியிலோ இருக்கும். செதுக்கியவரின் புனைபெயர் கவிதையின் கடைசியில் கோடாகவே கீறப்பட்டிருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். பிரபலமில்லாத குயவரின் கெண்டியில் மிகச் சிறந்த செதுக்குநரின் வேலை இருப்பதும் உண்டு. சந்தை குயவரின் பெயரையே பார்ப்பதால் அந்தக் கெண்டிகள் மலிவாகவே போகின்றன.

முத்திரை, பெட்டி, காலம்

பெயரை முழுதாக ஒதுக்கச் சொல்லவில்லை. அதைக் கடைசியில் பாருங்கள் என்கிறேன். ஜோசான் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். டோகோனாமேயின் யமாதா ஜோசான் பெயர் தலைமுறை தலைமுறையாக வருவது. மூன்றாம் ஜோசான் 1998இல் வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டு, 2005இல் மறைந்தார். விற்பனை விளம்பரத்தில் வெறுமனே ஜோசான் என்று போட்டிருந்தால் படிப்பவர் மனம் நேராக அவரிடம் போய்விடும். ஆனால் அது முதலாமவர், இரண்டாமவர், நான்காமவர் யாருடையதாகவும் இருக்கலாம். அதோடு முடியவில்லை. சாதோ தீவில் மும்யோய் வேலைக்குப் பெயர்பெற்ற மியுரா ஜோசானும் அதே இரண்டு எழுத்துகளைத்தான் எழுதுகிறார். இரண்டுமே செம்மண். எனவே எந்த மண், எந்த ஊர் என்று தீர்மானித்த பிறகே பெயரை வாசிக்க வேண்டும்.

நல்ல கெண்டி தோமோபாகோ எனப்படும் மரப்பெட்டியோடு வரும். செய்தவரே மூடியில் பொருளின் பெயரையும் தன் பெயரையும் எழுதி முத்திரை குத்திய, எடை குறைந்த கிரி மரப்பெட்டி அது. செய்தவர் மறைந்தபின் அவர் வாரிசோ நிபுணரோ பார்த்து எழுதிக்கொடுத்த பெட்டியும் உண்டு. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் முதல் வகைக்கு இணையல்ல. வேறொரு பொருளுக்காகச் செய்த பெட்டியில் கெண்டியைப் போட்டு விற்பதுதான் தொந்தரவு. அதைக் கண்டுபிடிப்பது எளிது. கெண்டியைப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். துணியோடு சேர்த்து இறுக்கமில்லாமலும் ஆடாமலும் உட்கார வேண்டும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்த கெண்டி, பெட்டியின் அடி மரத்தில் வட்டமாக ஒரு மங்கலான தடத்தை விட்டிருக்கும். அந்த வட்டமும் கெண்டியின் அடியும் பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள்.

காலத்தைக் கணிக்கச் சில உறுதியான பிடிகள் உண்டு. மூக்கின் உள்வாயில் சுவரிலேயே குத்திய சில துளைகள் மட்டும் இருந்தால் அது பழைய முறை. பிற்காலத்தில் இலையை அதிக நேரம் ஆவியில் வாட்டிய பொடித்தேயிலை பெருகியதும், நூற்றுக்கணக்கான நுண்துளைகள் கொண்ட மண்சல்லடையும் எஃகு வலையும் பரவின. எஃகு வலைக்கென்றே அகலத் திறந்த உள்வாய் இருக்கும் கெண்டியை மெய்ஜி காலத்தது என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஏற்றுமதிக்குப் போன பான்கோவில் நிப்பான் என்று ஆங்கில எழுத்தில் குத்தியிருந்தால் பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது; ஆக்குபைடு ஜப்பான் என்றிருந்தால் போருக்குப் பிந்தையது, 1952க்கு முந்தையது. பாரம்பரியக் கைவினை என்ற அரசு முத்திரைச்சீட்டு பெட்டியில் ஒட்டியிருந்தால், அதற்கான சட்டமே 1974இல்தான் வந்தது. டோகோனாமேக்கு அந்த அங்கீகாரம் 1976இல், யொக்கைச்சி பான்கோவுக்கு 1979இல் கிடைத்தது.

ஊற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்

எவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்தாலும் அது கெண்டி. நீர் ஊற்ற வந்த பொருள். பக்கவாட்டுப் பிடி கொண்ட வகைதான் அதிகம். மூக்குக்கும் பிடிக்கும் இடையே செங்கோணம் அல்லது அதற்குச் சற்றே குறைந்த கோணம் இருந்தால் மணிக்கட்டு திருகாமல் ஊற்றலாம். இடதுகைக்காரருக்கென்று பிடியை மறுபக்கம் வைத்தவையும் கிடைக்கும். மூடியை வாயில் வைத்துச் சுற்றுங்கள். டோகோனாமேயில் சுட்டபின் மூடிக்கும் வாய்க்கும் இடையே நுண்மணல் போன்ற தேய்ப்பானிட்டுச் சுற்றித் தேய்த்து இரண்டையும் இணை சேர்ப்பார்கள். அந்த மூடி ஆடாது, கிறீச்சிடாது, எந்தத் திசையில் வைத்தாலும் ஒரே மாதிரி அமரும். விற்பவர் சம்மதித்தால் நீர் நிரப்பி ஊற்றுங்கள். மூடித் துளையை விரலால் அடைத்தால் மூக்கிலிருந்து வரும் நீர் நின்றுவிட வேண்டும். மூடியைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் உடம்போடு ஒப்பிட்டு, மண்ணின் நிறம், மெருகு இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். உடைந்த மூடிக்குப் பதிலாக வேறு மூடியைப் பொருத்தி விற்பது இந்தச் சந்தையில் மிகச் சாதாரணம்.

மூடியை எடுத்துவிட்டு, கெண்டியை உள்ளங்கையில் உட்காரவைத்து நகத்தால் சுண்டுங்கள். நல்ல உடம்பு தெளிவாக ஒலிக்கும். மந்தமாக வந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. பிடி உடம்போடு சேரும் இடத்திலும் மூக்கின் அடியிலும் தேடுங்கள். மூக்கு நுனியில் பழைய பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கடையிலிருந்து வீடு வரும்வரை உடையாமலிருக்க மாட்டுவது அது. கழற்றாமலே விட்டவர்கள் நிறைய. அதற்குள் சில்லு மறைந்திருக்கலாம்.

எங்கே தேடுவது

ஜப்பான் போகிறவர்கள் தேதியைப் பார்த்துப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். கியோத்தோவில் தோஜி கோயில் சந்தை மாதந்தோறும் 21ஆம் தேதி, கிதானோ தென்மாங்கு சந்தை 25ஆம் தேதி. நகோயாவின் ஓசு கன்னோன் சந்தை 18, 28 தேதிகளில் கூடும். டோகோனாமே பக்கத்திலேயே இருப்பதால் செம்மண் கெண்டிக்கு நான் அதையே முதலில் சொல்வேன். டோகோனாமேக்குப் போனால் 1887இல் கட்டி 1974வரை எரிந்த பத்துப் புகைபோக்கிகள் கொண்ட ஏறுசூளையைப் பார்க்காமல் வராதீர்கள். அத்தனை பெரிய சூளைக்கு முன் நின்றால்தான் மண்ணின் நிற வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன என்று புரியும்.

இணைய ஏலத்தில் வாங்குவோர் சில சொற்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். விளிம்பில் சிறு சில்லு போயிருந்தால் ஹொட்சு என்றும், மயிரிழை விரிசலை ந்யூ என்றும், பழுது பார்த்திருந்தால் நவோஷி என்றும் எழுதுவார்கள். படங்கள் எத்தனை அழகாக இருந்தாலும் நான்கு படங்களைத் தனியே கேட்டு வாங்குங்கள்: பக்கவாட்டு வெளிச்சத்தில் செதுக்கு வேலை, மூடியின் உட்புறம், சல்லடைத் துளைகள், அடிப்பாகம். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின்

எடுத்துவரும்போது மூடியை உடம்போடு டேப் போட்டு ஒட்டாதீர்கள். மூடியைத் தனியாகச் சுற்றி, கெண்டியின் வயிற்றுக்குள் மெல்லிய தாளைத் தளர்வாக நிரப்பி, பிடிக்கும் மூக்குக்கும் தனித்தனிச் சுருள் வைத்து, கைப்பையில் கொண்டுவாருங்கள்.

மெருகு பூசாத மண் சோப்பின் வாசனையை உள்ளிழுத்துக்கொள்ளும். சோப்பு, வாசனைத் திரவம், ப்ளீச் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் கோடுகளுக்குள் படிந்த தூசியை எடுத்து, மூடியைத் திறந்து வைத்து முழுதாக உலர விடுங்கள். கோட்டுக்குள் ஏறியிருக்கும் பழுப்பைச் சுரண்டவே கூடாது. செதுக்கு வேலை கண்ணுக்கு எழும்புவதே அந்தப் பழுப்பால்தான். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் கிரி பெட்டியை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். காற்றாடும் தட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து நிழலில் ஆறவிடுங்கள், வெயிலில் போட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும்.

உடைந்த இடத்தைத் தங்கக்கோடாக ஒட்டிப் பழுது பார்த்த கெண்டியைப் பயன்படுத்துவதற்கு முன் பழுது பார்த்தது எதால் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உருஷி அரக்கால் ஒட்டி, முழுதாக இறுகியிருந்தால் செஞ்சாவுக்குத் தேவையான 70, 80 டிகிரி நீரை அது தாங்கும். கொதிநீரை மட்டும் ஊற்ற வேண்டாம். எபாக்சிப் பசையில் தங்கப்பொடி தூவிய பழுதாக இருந்தால் தேநீர் ஊற்றாமல் அலமாரியில் காட்சிக்கு வையுங்கள். அப்படிப்பட்ட கெண்டிக்குக் காட்சிப் பொருளுக்கான விலையை மட்டும் கொடுங்கள்.